ஒளித்து வைத்த கிளை

நம்பினால் நம்புங்கள். அழுகிய பலாச்சுளையில் ஒரு பழ ஈ கூட்டுப்புழுவாகத் தூங்கிக்கொண்டிருந்தபோது அதன் மூளைக்குள் ஒரே ரகளை. கத்தரி என்ற மரபணு, புழுக்காலத்து நரம்புகளின் பழைய கிளைகளையெல்லாம் நறுக்கித் தள்ளிக்கொண்டு வந்தான்.

அடுத்து ஊர்வான் என்ற நரம்பின் முறை. புழுவை இத்தனை காலம் நெளிய வைத்துச் சுளை தின்ன வைத்ததே அவன்தான்.

"மாப்ளே, என் கிளையை வெட்டினா இந்தப் புள்ள எப்படி நகரும்?"

"புதுக்கிளை துளிர்க்கும் மாமா. பறக்கும்."

"பறக்குமாம்ல! நம்ம பரம்பரையில யாரு பறந்திருக்கா?"

"இதோட ஆத்தாளே பறந்து வந்துதான் இங்க முட்டை போட்டா."

ஊர்வான் கிளைகளை வெட்டக் கொடுத்தான். ஆனால் கத்தரி அசந்த நேரத்தில் ஒரு கிளையை மட்டும் மடித்துத் தனக்கடியில் ஒளித்துக்கொண்டான்.

கூடு உடைந்தது. பளபளக்கும் இறக்கைகளோடு வெளியே வந்த ஈ, வயிற்றைத் தேய்த்துக்கொண்டு நெளிந்து நெளிந்து ஊர்ந்தது. எதிரே இருந்த பல்லி, விருந்து தானாக நடந்து வருகிறதே என்று வாயைப் பிளந்தது.

"மாப்ளே, இங்க ஒண்ணு மிச்சமிருக்கு! சீக்கிரம் வெட்டுடா!" என்று ஊர்வான் அலறினான்.

நறுக்! ஈ விர்ரென்று கிளம்பியது.

பல்லியின் தலைக்கு மேல் ஒய்யாரமாக வட்டமடிக்கையில் ஊர்வான் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"நான்தான் அப்பவே சொன்னேன்ல மாப்ளே, பறந்துடலாம்னு!"