பதினோரு விநாடி

வாய் திறக்கக் கூடாது. அது ஒன்றுதான்.

இரண்டு கையிலும் இரண்டு வாளிகள். பச்சையில் காய்த் தோல். நீலத்தில் பால் கவர். கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள்.

வராமல் இருந்தால் அண்ணி இவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும்.

அவன் எதிரே, டிரான்ஸ்பார்மர் பக்கத்தில், பைக்கின் மேல் உட்கார்ந்திருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிட்டிருந்தான்.

குப்பை வண்டி தெருமுனையில் திரும்பியது. அதே ஒலிபெருக்கி. அதே பெண் குரல்.

வெள்ளியங்குறிச்சி பேரூராட்சி, ஏழாவது வார்டு பொதுமக்கள் குப்பையைத் தரம் பிரித்துக் கொடுக்கவும்.

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாள்! போனில் அந்த இலவச சாட் ஆப்பில் பெயரை மதுமிதா என்று போட்டாள். ஊர் கோயம்புத்தூர் என்றாள். படம் கேட்டான், கொடுக்கவில்லை. நம்பர் கேட்டான், கொடுக்கவில்லை. நம்மை யார் ஏமாற்றிவிட முடியும் என்று ஒரு மிதப்புக்கூட இருந்தது.

குரலையாவது கேட்கிறேனே என்றான்.

அடுப்படி ஜன்னலோரம் நின்று பேசி அனுப்பினாள். பதினோரு விநாடி. 'சாப்பிட்டீங்களா? நான் இப்பதான் தோசை ஊத்துறேன்.'

ஜன்னலுக்கு வெளியே குப்பை வண்டி போய்க்கொண்டிருந்தது. தினமும் கேட்டுக் கேட்டு, அவள் காதுக்கு அது சத்தமாகவே இல்லாமல் போயிருந்தது.

போகப் போக அவன் கேள்விகள் மாறின. எங்கே போனாய், யாரோடு பேசினாய், ஏன் இவ்வளவு நேரம். நேற்று, இனிமேல் பேச வேண்டாம் என்று எழுதினாள். பதில் ஒரு வரியில் வந்தது.

வெள்ளியங்குறிச்சி ஏழாவது வார்டுதானே, காலைல குப்பை வண்டி வர்ற நேரத்துக்கு வர்றேன்.

நாற்பத்து நான்கு வயது. கணவர் தவறிப்போய் ஆறு வருஷம். இருப்பது அண்ணன் வீட்டுப் பின்பக்க அறை. அவன் தினமும் மத்தியானம் சாப்பிட்டாயா என்று கேட்டான். அதற்காகத்தான். வேறு எதற்கும் இல்லை.

சொன்னால் யார் நம்புவார்கள்? அவளுக்கே நம்பிக்கையில்லை.

வராந்தாவில், கம்பிக் கதவுக்குப் பின்னால், அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

வண்டி நின்றது. வாசல்களில் பெண்கள் வந்து நின்றார்கள். அவன் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். முகம் அவனுக்குத் தெரியாது. குரல்தான் தெரியும்.

பூங்காவனம் பச்சை வாளியை வாங்கிக் கொட்டினாள். மூன்று வருஷமாக இந்தத் தெருவுக்குக் குப்பை எடுக்க வருபவள். தினமும் பூங்காவனத்திடம் சாப்பிட்டியா என்று கேட்பது இவள் வழக்கம். இன்று கேட்கவில்லை.

"என்னக்கா, ஒடம்பு சரியில்லையா?"

தலையை மட்டும் ஆட்டினாள். நீல வாளியைக் கொடுக்கவும் மறந்தாள்.

பூங்காவனம் பக்கத்து வீட்டுக்கு நகர்ந்தாள். அங்கே கயல்விழி நின்றிருந்தாள். கல்யாணமாகி நான்கு மாதம். மாமியார் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டீங்களாக்கா?" என்றாள் கயல்விழி, வாளியை நீட்டி.

அவன் பைக்கிலிருந்து இறங்கினான்.

"மதுமிதா."

கயல்விழி யாரைக் கூப்பிடுகிறான் என்று திரும்பிப் பார்த்தாள்.

"உன்னத்தான். நாப்பது நாள் பேசிட்டு, இப்ப யாரோன்னு பாக்குறியா?"

"யாருங்க நீங்க? எனக்குத் தெரியாது."

மாமியார் படியிறங்கி வந்தாள். "யாருடி இவன்?"

ஒரு நொடி. ஒரே ஒரு நொடி, இவளுக்கு அப்பாடா என்று இருந்தது.

அவன் ஆளை மாற்றிப் பிடித்துவிட்டான். வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடலாம். தன்னைப் பற்றி அவள் இத்தனை கேவலமாக ஒருநாளும் உணர்ந்ததில்லை.

டிரைவர் என்ன தகராறு என்று எட்டிப் பார்த்து, ஒலிபெருக்கியை நிறுத்தினார். தெரு கப்சிப்பென்று ஆனது.

அவன் போனைத் தூக்கிப் பிடித்தான்.

'சாப்பிட்டீங்களா? நான் இப்பதான் தோசை ஊத்துறேன்.' பின்னாலேயே, ஏழாவது வார்டு பொதுமக்கள்.

பூங்காவனம் நிமிர்ந்தாள். கயல்விழியை அல்ல, நேராக இவளைப் பார்த்தாள். பிறகு எதுவும் கேட்காதவள் போலக் குனிந்து, குப்பையைப் பிரிக்கத் தொடங்கினாள்.

"ஒன் கொரல் மாதிரிதான இருக்கு," என்றாள் மாமியார்.

கயல்விழி அழ ஆரம்பித்தாள். நான் இல்லை அத்தை, நான் இல்லை என்பதைத் தவிர அந்தப் பெண்ணுக்கு வேறு வார்த்தை வரவில்லை.

"இன்னொரு தடவை போடட்டா?" என்றான் அவன்.

"வேண்டாம்."

காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை. தெரு முழுக்கக் கேட்டது.

"அது நான் பேசுனது. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. அவளை விட்டுடுங்க."

அவன் திரும்பினான். எல்லோரும் திரும்பினார்கள். அவன் அவள் பக்கம் நடக்கத் தொடங்கினான்.

பின்னால் கம்பிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முகம் எரிந்தது. நீல வாளி கையில் கிடந்து ஆடியது.

பூங்காவனம் குறுக்கே வந்து நின்றாள். ஒரு கையில் குப்பை அள்ளும் கரண்டி. மறு கையால் அவளிடமிருந்து வாளியை வாங்கிக் கீழே வைத்தாள். கண்ணை அவன் மேலிருந்து எடுக்கவில்லை.

"கை இப்படி நடுங்குதே. காலைல ஒண்ணும் சாப்பிடலையாக்கா?"