யார் தண்ணீர்?

திருவண்ணாமலை தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் மூன்று பிளாஸ்டிக் டப்புகளிலும் கெண்டை மீன் குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்தன. வல்லரசு ஒவ்வொரு டப்பாகக் குனிந்து பார்த்தான். அவன் குத்தகைக்கு எடுத்த ஏரியில் அத்தனை மீனும் செத்து மிதக்க, இவை மட்டும் எப்படி?

"இது சாயப்பட்டறைத் தண்ணி, இது தோல் கம்பெனி, அது முலாம் பூசற பட்டறை. மூணுலயும் நீங்க வாங்கியாந்த குஞ்சுங்க நல்லாத்தானே இருக்கு?" என்றாள் அதிகாரி அபிநயா.

"ஏரியில மூணும் ஒண்ணாத்தானே வந்து விழுது மேடம்? கலந்து பாருங்களேன்."

"அப்படிப் பாக்க ரூல்ஸ் இல்லீங்க. யாரு தண்ணியில சாவுதோ, அவங்க மேலதான் நடவடிக்கை எடுக்க முடியும்."

"என் பொழப்பே போச்சு மேடம்."

அவன் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது.

"இந்தக் குஞ்சுங்களையாவது எடுத்துட்டுப் போங்க. திடீர்னு தண்ணி மாத்தினா தாங்காது. பழகின தண்ணியோடவே ஊத்தறேன்" என்று மூன்று டப்புகளையும் அவன் கொண்டுவந்த குடத்தில் கவிழ்த்தாள்.

கீழ்பென்னாத்தூர் பஸ் புறப்படக் காத்திருந்தது. சீட்டில் உட்கார்ந்து, குடத்தை எட்டிப் பார்த்தான் வல்லரசு. அடுத்த நொடி இறங்கி, குடத்தோடு பரிசோதனைக் கூடத்துக்கே திரும்ப ஓடினான்.

"மேடம், எல்லாம் செத்துப்போச்சு! இப்ப நம்பறீங்களா?"

குடத்துக்குள் வெள்ளை வெள்ளையாக வயிறுகள் மிதந்தன. அபிநயா பதறிப்போய்ப் பேனாவை எடுத்தாள்.

"நம்பறேங்க. இப்பவே ரிப்போர்ட் எழுதறேன். எது எந்த டப்பு மீனுன்னு மட்டும் பிரிச்சுக் காட்டுங்க."