இரண்டு பேருக்கும் ஒன்று

"டிஜே அடிக்கவும் வேணும், பள்ளிக்கூட வேலைக்கும் வேணும்."

"ரெண்டுக்கும் ஒரே லப்டொப்போ?"

"ஓம். ரெண்டு பேருக்கும் ஒண்டு போதும்."

போன கிழமை ரஜிதன் கிணற்றடியில் நின்று கடைக்காரரோடு கைபேசியில் கதைத்தது இது. சத்தமாகப் போட்டுக் கதைத்தபடியால் குசினிக்குள் நின்ற அவன் மனைவி சுரேகாவுக்கு இரண்டு பக்கமும் கேட்டது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த 'ரெண்டு பேரில்' தான் இல்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. அவள் பள்ளிக்கூடத்தை விட்டு எத்தனையோ வருசமாகிவிட்டது.

பளைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் விளையாட்டுப் போட்டிக்கு ஒலிபெருக்கி கட்டிவிட்டு வந்த நாளிலிருந்துதான் இந்தச் சனியன் பிடித்தது. ரஜிதனின் கைபேசி அடிக்கும், திரையில் 'ரீச்சர்' என்று விழும். அவன் உடனே எழும்பிப் பின்கொட்டிலுக்குப் போய்விடுவான். ஆர் அந்த ரீச்சர் என்று கேட்டால், "பிறகு சொல்லுறன்" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது.

கலியாண வீடு, சாமத்திய வீடு என்று ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுப்பதுதான் குடும்பத் தொழில். ரஜிதன் வயர் இழுப்பான், லைற் கட்டுவான். பாட்டுப் போடுவது அவன் தகப்பன் ராஜரத்தினம். இப்போது எல்லாரும் டிஜேதான் கேட்கிறார்கள் என்பது சுரேகாவுக்கும் தெரியும். ஆனால் ரஜிதனோ கோயில் பஜனையில் கைதட்டினாலே தாளம் தப்புகிறவன்.

தாளம் தெரியாத மனிசனுக்கு டிஜே ஆசை காட்டியது அந்த ரீச்சர்தான் என்று அவள் முடிவு கட்டினாள். புதிதாக வேலை கிடைத்தவளாக இருக்கும். பூப்போட்ட சேலை, பின்னல், கன்னத்தில் குழி. காணாத பெண்ணின் முகம் அவளுக்கு நன்றாகப் பாடமாகிவிட்டது.

கடைக்குப் போகிற அன்று, "நானும் வாறன்" என்று மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி இருந்தாள். ரஜிதன் முழித்தான். வேண்டாம் என்று சொல்லத் துணிவு வரவில்லை.

கிளிநொச்சிக் கடையில் அவன் கேட்ட முதல் கேள்வியே அவளை எரித்தது. "பாரமில்லாததா ஒண்டு காட்டுங்கோ. ரீச்சர் பஸ்ஸிலதான் கொண்டு போறவா."

சந்தையிலிருந்து தேங்காயும் மரக்கறியும் தூக்கி வருகிறவளிடம் பாரமோ என்று இந்த மனிசன் ஒரு நாளாவது கேட்டதுண்டா? சுரேகா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். திரை பெரிதாக வேண்டும், எழுத்துத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று அவன் அடுக்கிக்கொண்டே போனான். தோளோடு தோள் உரசி இருந்து பார்க்கவாக்கும் என்று அவள் நினைத்தாள்.

கடைக்காரர் பரமலிங்கம் வெள்ளி நிறத்தில் மெல்லிய ஒன்றை எடுத்து வைத்தார். அதைக் குழந்தைப்பிள்ளை மாதிரி நெஞ்சோடு அணைத்தபடி அந்தக் கன்னக்குழிக்காரி பஸ்ஸில் இருப்பது சுரேகாவின் கண்ணுக்குத் தெரிந்தது. கீழ்த் தட்டில் கறுப்பாக, அம்மிக்கல் போல ஒன்று கிடந்தது.

"அதை எடுங்கோ. அதுதான் வேணும்."

தூக்கிக்கொண்டு திரியட்டும். கை கழன்று விழட்டும்.

பரமலிங்கம் அதைத் தூசு தட்டித் திறந்தார். "தங்கச்சிக்கு விசயம் தெரியுது. டிஜேக்கு இதுதான் திறம். பாட்டு நடுவில நிக்காது, வயர் கொழுவக் கனக்க இடம் இருக்கு, திரையும் பெரிசு."

ரஜிதனின் முகம் பூரித்துப்போனது. உமக்குப் பிடித்ததையே எடுப்பம் என்றான். பழிவாங்கப் போய்ப் பாராட்டு வாங்கிய ஆத்திரத்தோடு அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் இருந்தாள். ஒவ்வொரு பள்ளத்திலும் பெட்டி அவள் தொடையில் இடித்தது.

வாசலில் ராஜரத்தினம் நின்றார். வேலை இல்லாத நாளில் சறம் மட்டும் கட்டிக்கொண்டு பின்கொட்டிலில் ஸ்பீக்கர் பூட்டிக் கழற்றுகிறவர், இன்றைக்கு வெளுத்து மடித்த சேட்டுப் போட்டிருந்தார். பெட்டியை இரண்டு கையாலும் வாங்கி, ஆர் தெரிவு செய்தது என்று கேட்டார். சுரேகாதான் என்றான் ரஜிதன்.

"பிள்ளையோ?" என்று அவர் வாஞ்சையோடு அவளைப் பார்த்தார்.

அந்தப் பார்வையில் சுரேகாவுக்கு அழுகை வந்துவிட்டது. மாமி செத்த நாளிலிருந்து இந்த வீட்டைத் தூக்கி நிறுத்துகிறவள் அவள்.

"மாமா, உங்களுக்கு முன்னாலேயே கேக்கிறன். ஆர் அந்த ரீச்சர்? நான் இந்த வீட்டில இருக்கிறதோ, வெளிக்கிட்டுப் போறதோ?"

ரஜிதன் வாயைத் திறந்தான். ராஜரத்தினம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ பொறு. மருமகளிட்ட நானே கேக்கிறன், அதுவரைக்கும் நீ வாய் திறவாதை எண்டு சொல்லிப்போட்டு, நான்தான் நாளைக் கடத்திக்கொண்டு திரியிறன்."

கதிரையில் இருந்தார். பிறகு எழும்பினார். சேட்டுப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்தார், போடவில்லை. மருமகளைப் பார்க்க வெட்கப்பட்டுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மாமி இல்லாத வீட்டில நீதான் பிள்ளை, ரீச்சர் வீட்டுக்குப் போய் எனக்குப் பொம்பிளை கேக்கவேணும்."