இரண்டாம் முகாம்

ஃபயர் அலாரம் அலறியது. சட்டன் நகர மண்டபத்துக் குசினியில் யாரோ மட்டன் ரோல்ஸைக் கருக்கிவிட்டார்கள்.

நாடகம் பாதியில் நின்றது. கோட்டு எடுக்கக்கூட நேரமின்றிச் சனம் கார் தரிப்பிடத்தில் நின்று நடுங்கியது. நடுங்கிக்கொண்டே சிரித்தது.

"இரண்டாம் முகாமைக் களவெடுத்தானாம்! ஆமிக்கு நல்ல அடி!"

கோசிகா பல்லைக் கடித்தாள்.

ஒரு புளுகுக் கிரிக்கெட்காரனின் கதைதான் அந்த நாடகம். பந்து எங்கோ போன நேரம் பார்த்து 'இரண்டாம் முகாமைக் களவெடுத்தேன்' என்று அவன் மார்தட்டும்போது சபை அதிரும்.

அந்த வசனத்தை எழுதியவர் அவளுடைய அப்பா ஆனந்தராஜா. நோர்பரி வீட்டில் அகப்பையை மட்டையாகப் பிடித்து அவர் நடித்துக் காட்டியதை அவள் கண்ணால் கண்டவள். ஆமிக்குப் பயந்து ஊரைவிட்டு வெளிநாட்டுக்கு ஓடிவந்த மனிதர், ஆமி முகாமையே பகிடியாக்கினார். அப்பாவைப் பற்றி அவள் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட ஒரே விஷயம் அது.

அவருடைய சாம்பல் ஆறுமுன் சுவரொட்டியில் பெயர் மாறிவிட்டது. எழுத்து, இயக்கம்: பாலேந்திரா.

யார் இந்தப் பாலேந்திரா? அப்பாவின் நாடகத்தில் அம்பயராக ஒரு விரலைத் தூக்கிக்கொண்டு நின்றவர். அவர் சொந்தமாக விட்ட பகிடிக்கு அவருடைய மனைவிகூடச் சிரித்ததில்லை. இன்றைக்குப் பொன்னாடையாம். 'நகைச்சுவைச் செம்மல்' பட்டமாம்.

இரவல் சேலைக்கு இத்தனை கொய்யக மடிப்பு!

அலாரம் ஓய்ந்தது. சனம் உள்ளே போனது. பின்னால் வந்த பாலேந்திராவைக் கோசிகா வாசலில் மறித்தாள்.

"முகாமைக் களவெடுத்தது ஆரோ, அங்கிள், நாடகத்தைக் களவெடுத்தது நீங்கள். பொன்னாடை போத்தேக்கை மைக்கைப் பிடுங்கிச் சொல்லப்போறன், இது என்ரை அப்பா எழுதினது எண்டு."

பாலேந்திரா பதறவில்லை. ஒட்டு மீசையை மெல்லப் பிய்த்துச் சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு, அன்று மேடையில்கூடச் சிரிக்காத சிரிப்பாகச் சிரித்தார்.

"சொல்லு பிள்ளை, பேப்பரிலை விளையாட்டு எழுதின அமெரிக்கன் ஒருத்தன்ரை பேஸ்போல் பகிடியை வரிக்கு வரி தமிழாக்கினவர் கொப்பர் எண்டும் சொல்லு, அதிலை பேஸ் எண்டா ஓடிப்போய் மிதிக்கிற இடம், களவெடுக்கிறது எண்டா பந்து வாறதுக்குள்ளை அங்கை ஓடிப்போறது, கொப்பர்தான் ஆமி பேஸ் எண்டு நினைச்சு முகாம் எண்டு எழுதிப்போட்டார்."