சுவரில் ஏறும் கோடு

மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும், ஈவ்லின் தன் மகள் ஆஷ்லினைச் சுவரோடு நிறுத்தித் தலைமட்டத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவாள். ஆஷ்லினுக்கு நாலு வயது. ஒன்றரை வருடமாகக் கோடு ஒரே இடத்தில்தான் விழுகிறது. பேச்சும் வரவில்லை. "இவ வயித்துல இருந்தப்ப மருந்து கலக்குனியாம்மா?" என்று சேலத்து டாக்டர் கேட்டார். கலக்கியிருந்தாள். எஸ்டேட்டில் பூச்சிமருந்தை ஆண்கள் அடிப்பார்கள். பெண்கள் பீப்பாய்க்குள் கையை முழங்கை வரை விட்டுக் கலக்குவார்கள்.

அந்தக் கோட்டுக்கு மேலே இன்னொரு கோடு மாதாமாதம் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆஷ்லின் வளர்ந்திருக்க வேண்டிய உயரம். தேதி ஈவ்லினின் கையெழுத்தில் இருக்கிறது. அவள் எழுதியதில்லை.

இந்த ஞாயிறு, சுவரின் அடியில், தரையிலிருந்து ஒரு முழத்தில் புதிதாக ஒரு கோடு இருந்தது. வரப்போகும் தை மாதத்துத் தேதி. அவளுக்குப் பிரசவம் சொல்லியிருந்த நாள்.

திங்கட்கிழமை, எஸ்டேட்டில் வேலை பிரித்துக் கொடுக்கும் ரைட்டர் ராமசாமி மருந்து கலக்க அவள் பெயரைச் சொன்னார்.

"ஏனுங்க, எனக்குக் களை வெட்டக் குடுங்க. மறுபடி உண்டாயிருக்கறனுங்க."

"மருந்து பூச்சிக்குத்தானம்மா, உனக்கா? களைக்கு ஆளு நெறஞ்சுபோச்சு. முடியாதுன்னா ஊட்டுல இருந்துக்க."

ஈவ்லின் பீப்பாயடிக்குப் போனாள்.

சாயங்காலம் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு உள்ளே வந்தாள். முழ உயரத்துக் கோடு அப்படியே இருந்தது. அதற்கு ஒரு விரல் கீழே, அதே தேதியில், இன்னொன்று விழுந்திருந்தது.