பின்னிருக்கை

ஹாவர்த் ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டுக் காரைத் தள்ளினான். அது அசையவில்லை.

ஏற்றி, மறுபடி இறக்கினான். என் மகன் நீலும் வந்து தோள் கொடுத்தான். என் பழைய மோரிஸ் மைனர் கார் கராஜுக்குள் அப்படியே நின்றது.

"உங்கப்பன் புத்தி அப்படியே இருக்கு இதுக்கு. யார் சொன்னாலும் நகராது," என்றான் ஹாவர்த் அவனிடம்.

நீல் சிரித்தான். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

கராஜ் வாசலில் என் சக்கர நாற்காலியை வைத்திருந்தார்கள். காரை வாங்கிய ஹாவர்த் அதைக் கொண்டுபோவதை நான் பார்க்க வேண்டுமாம்.

அவன் ஏற்றி இறக்கிய ஹேண்ட் பிரேக் கைப்பிடி எதனுடனும் இணைந்திருக்கவில்லை.

இடது கை மூட்டெல்லாம் வீங்கிய வருடம், யார்க்ஷயர் மேடுகளில் வண்டியை நிறுத்தி அதை இழுக்க என்னால் முடியவில்லை. நானே அடியில் ஒரு மோட்டார் வைத்தேன். டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு பொத்தான். அமுக்கினால் பிரேக் பிடிக்கும், இன்னொரு முறை அமுக்கினால் விடும்.

கைப்பிடியை மட்டும் கழற்றவில்லை. எங்கள் பழைய கார் கிளப்பில் ஒரு திருகாணி மாறினாலே மூக்கைச் சுளிப்பார்கள். அசலான வண்டி என்று எனக்குக் கோப்பை கொடுத்தவனே ஹாவர்த்தான்.

யாரிடமும் சொல்லவில்லை. நீலிடம்கூட.

பிறகு பக்கவாதம் வந்தது. வலது பக்கமும் பேச்சும் போயின. பிரேக் பிடித்தபடியே கராஜில் நின்ற வண்டியில் பேட்டரியும் செத்தது.

பேட்டரி இல்லாவிட்டாலும் பிரேக்கை விடுவிக்க ஒரு வழி வைத்திருந்தேன்.

"துருப்பிடிச்சு இறுகிக் கெடக்கு," என்றான் ஹாவர்த். "வின்ச் சங்கிலிய மாட்டி இழுத்துடலாம். பின்னால ஏதாச்சும் முறிஞ்சா முறியட்டும், அது ஒண்ணை மாத்திக்கறேன். மத்ததெல்லாம் அசல்தானே."

வாயைத் திறந்தேன். எச்சில் வழிந்தது. நீல் துடைத்துவிட்டான்.

இடது கையைப் போர்வைக்குள்ளிருந்து இழுத்தேன். ஒரு விரல் நிமிர்ந்தது. காரின் பின்னிருக்கையைக் காட்டினேன்.

நீல் விரலைப் பார்த்தான். இருக்கையைப் பார்த்தான். அவன் முகம் கோணியது.

"கடைசியா ஒரு தடவை உக்காரணும்ங்கிறார்."

ஹாவர்த் தொப்பியைக் கழற்றினான்.

தலையை ஆட்டினேன். அது எந்தப் பக்கம் ஆடியது என்று எனக்கே தெரியவில்லை.

அக்குளில் கைகொடுத்து இருவரும் என்னைத் தூக்கினார்கள். பின்கதவைத் திறந்து உட்காரவைத்தார்கள். நீல் போர்வையைச் சரிசெய்தான். என் கண்ணில் நீரைப் பார்த்ததும் அவனும் அழுதான்.

"இருக்கட்டும்ப்பா. கேட் வரைக்கும் நீங்களும் அதுலயே வாங்க."

முன்னால் சங்கிலி இறுகியது. பின்சக்கரங்கள் உருளாமல் சிமெண்டில் தேயத் தொடங்கின.

பின்னிருக்கை மெத்தையைத் தூக்கினால் அடியில் ஒரு கம்பி வளையம் இருக்கிறது. இழுத்தால் போதும், பிரேக் விட்டுவிடும்.

அந்த மெத்தையின் மேல்தான் என்னை உட்காரவைத்திருக்கிறார்கள்.