கடையில் வாங்கிய வாழைப்பூ

வேலிக்கு அந்தப் பக்கம் வரிசையாக வாழைப்பூ தொங்கியது. தனலெட்சுமி கேட்டது ஒன்றே ஒன்று. ஜொகூர் பாருவிலிருந்து மருமகன் வருகிறார், வடை சுட வேண்டும்.

"இது குடுக்கறதுக்கு இல்லம்மா," என்றார் பக்கத்துத் தோட்டத்துச் சின்னத்தம்பி.

அவளுக்கு முகம் சுண்டிப்போனது.

அன்று சாயங்காலமே சின்னத்தம்பி அவள் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் இரண்டு வாழைப்பூ. கோத்தா திங்கி சந்தையில் காசு கொடுத்து வாங்கியது.

தனலெட்சுமி வடையும் சுட்டாள், கோயிலில் பார்த்தவர்களிடம் அவரையும் போட்டு வறுத்தாள்.

"சொந்த மரத்துப் பூவ அழுக விட்டுட்டு, கடைல வாங்கிக் குடுக்கறாரு. கஞ்சனா கிறுக்கனான்னே தெரியலலா."

பேச்சு சின்னத்தம்பி காதுக்கும் போயிற்று. அவர் சிரித்துக்கொண்டார்.

அவளுக்கு எரிச்சல் வர வேறு காரணமும் இருந்தது. இருவருக்கும் டுரியான் பழத் தோட்டம்தான் பிழைப்பு. வெயில் காய வேண்டிய மாதத்தில் இப்போதெல்லாம் மழை கொட்டுகிறது. இரண்டு பருவமாகப் பூத்ததே கொஞ்சம், காய்த்தது அதைவிடக் கொஞ்சம். இந்த முறையும் காய் இல்லையென்றால் லாரி அனுப்ப மாட்டேன் என்று ஏற்றுமதிக்காரர் மதிவாணன் சொல்லிவிட்டார். மரத்தை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போடலாம் என்கிறான் மகன். செத்துப்போன கணவன் நட்ட மரங்கள்.

பூத்த கொஞ்சத்தையும் வௌவால் உதிர்க்கிறதே என்று, தீபாவளிக்கு மிஞ்சிய பட்டாசைக் கொளுத்தி விரட்டிக்கொண்டிருந்தாள். இந்தப் பருவம் பட்டாசு மிஞ்சவில்லை, விரட்டவும் இல்லை.

காய் மட்டும் மரம் கொள்ளாமல் பிடித்தது. பார்க்க வந்த மதிவாணன் அசந்துபோனார்.

"சுத்துவட்டாரத்துல யாருக்கும் இப்படிக் காய்க்கலக்கா. உங்க மரத்துக்கு வௌவால் வருதா?"

"வருது, சனியன். பூவெல்லாம் உதிர்த்துடுது."

"அலமாக்! பூ தானா உதிருதுக்கா. வௌவால் வந்து மகரந்தம் சேர்த்தாத்தான் காயே பிடிக்கும். டுரியான் பூக்காத மாசத்துல அதுக்கு வாழைப்பூத் தேன்தான் சாப்பாடு. பக்கத்துல யாரோ புண்ணியவான் பூவ வெட்டாம விட்டு வெச்சிருக்காரு."

தனலெட்சுமி வேலியைப் பார்த்தாள்.

மதிவாணன் போனதும் நேராகச் சின்னத்தம்பியிடம் போய், ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"வௌவாலுக்குன்னு சொல்லியிருந்தா, எங்க பக்கமும் வெடியத் தூக்கிப் போட்டிருப்பீங்களே," என்றார் அவர்.

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வாரமே வேலியோரம் வாழைக்கன்று நட்டாள்.

அடுத்த வருஷம் அவள் பக்கமும் பூ தொங்கியது. மூன்றாவது தோட்டத்து மலர் வந்து நின்றாள். வீட்டில் விசேஷமாம், ஒரே ஒரு பூ வேண்டுமாம்.

விளக்கிச் சொல்ல வாயெடுத்த தனலெட்சுமிக்கு, மலர் வீட்டிலும் பட்டாசு கொளுத்தி வௌவாலை விரட்டுவது நினைவுக்கு வந்தது.

"இது குடுக்கறதுக்கு இல்லம்மா," என்றாள்.

மலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். இனிக் கோயிலில் என்ன பேசுவார்கள் என்று தனலெட்சுமிக்குத் தெரியும். ஆரம்பித்து வைத்தவளே அவள்தானே.

சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினாள், மலருக்கு வாழைப்பூ வாங்க.